ஏழு கட்டை

யாங்கோன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மோல்மேன் சித்தி வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். ஒரு மூட்டை பம்பளிமாஸ் கொண்டுவந்தாள், அக்கம்பக்கம் கொடுத்தது போக இன்னும் நான்கு கிடக்கிறது. கரண்ட் முன்போலத்தான், வரும்போது வரும். நீ அனுப்பிய பணம் கைக்கு வந்தது. இவ்வளவு அனுப்பாதே என்று போன முறையே சொன்னேன்.

உன்னிடமிருந்து ஜோடிப் பாட்டு, மூலம் ஒன்றும் அதன் நகல் ஒன்றும், வந்து பதினோரு வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று தெரியும், அதைக் கேட்க வரவில்லை. உன் தொண்டையைப் பற்றித்தான் கேட்கிறேன். கடைசியாக வந்ததில் ஏன் ஏழு கட்டையில் பாடினாய்? உன் சுருதி ஒன்றரை. ஆர்மோனியத்தில் ஏழு கட்டை முடிந்தால் மறுபடி ஒன்றுதானே, அதனால் ஒன்றரையிலிருந்து கீழே ஏழு என்றால் முழுதாக ஒரு சுரம் இறக்கம். இருபத்தெட்டு வயதில் குரல் அப்படித் தானாக இறங்காது. ஏசி அறையில் இரவு வேலை, நாள் முழுக்கப் போனில் பேச்சு, அதுதான் காரணமா? வெந்நீர் குடி. அடிக்கடி கனைக்காதே, கனைப்புத்தான் குரல்நாணை உரசிப் புண்ணாக்கும். குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசாதே, அது இன்னும் கெடுதல். அப்படியே வாயை மூடிக்கொண்டிரு. மூன்று வாரத்துக்கு மேலும் கம்மலாக இருந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போ. மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே.

என் பங்கு நிற்கக் கூடாது என்பதால் இந்த வாரத்து ஜோடிகளை எழுதுகிறேன். கேட்பதற்கு முன் இரண்டு பதிவின் சத்தத்தையும் சமமாக்கிக்கொள். இதை நீ செய்வதே இல்லை. எந்தப் பதிவு கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுதான் காதுக்கு நல்லதாகப் படும். புதிய பதிவுகள் எல்லாம் உரக்கச் செய்யப்பட்டவை, பழைய பாட்டு ஒவ்வொரு முறையும் அநியாயமாகத் தோற்கிறது. குரல் மட்டும் வரும் ஓரிடத்தை இரண்டிலும் எடுத்து, அங்கே சமம் ஆகும்வரை புதியதைக் குறை. பிறகு கேள்.

முதல் ஜோடி, தொட்டால் பூ மலரும். 1964இல் படகோட்டிக்கு வாலி எழுதியது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி மெட்டு, டி.எம்.எஸ்., சுசீலா குரல். 2004இல் நியூ படத்தில் ரகுமான் அதே வரிகளை எடுத்து வேறு மெட்டில் போட்டார், ஹரிஹரனும் ஹரிணியும் பாடினார்கள். இதை நகல் என்று சொல்வதா? இந்த ஊர்க் காப்பி தச்சினுக்கு, அதாவது பர்மிய நகல் பாட்டுக்கு, இது நேர் எதிர். அங்கே மெட்டு வெளியூர்க்காரனுடையது, வரி உள்ளூர். இங்கே வரி பழசு, மெட்டு புதுசு. இந்த ஜோடியை மெட்டை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. பாடாமல் வரியை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டே இரண்டையும் கேள். எந்த நெடில் நீள்கிறது, மூச்சு எந்தச் சொல்லுக்கு அப்புறம் விழுகிறது என்று குறித்துக்கொள். எனக்கு 1964தான். உனக்கு 2004 என்பாய், சொல்லு.

காப்பி தச்சின் என்றால் இங்கே தமிழாட்கள்கூட உதட்டைப் பிதுக்குகிறார்கள். எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பர்மிய மொழியில் ஒரே அசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். மெட்டு ஏறும் இடத்தில் இறங்குகிற சொல்லை வைத்தால் கேட்பவனுக்கு வேறு எதுவோ கேட்கும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை, நமக்குக் குறில் நெடில். நீண்ட சுரத்தில் குறிலை வைத்து இழுத்தால் மலை மாலை ஆகிவிடும், பல் பால் ஆகிவிடும். அதனால் வேற்று மெட்டுக்குத் தமிழ் வரி போடும்போது முதலில் நீள்கிற சுரங்களை எண்ணி, அந்த இடங்களில் நெடிலை உட்கார வை. மற்றதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். வரியின் கடைசிச் சொல் நெடிலிலோ ம், ன், ல் போன்ற எழுத்திலோ முடிந்தால் பிடித்து நிறுத்த முடியும். க், ச், ட் வந்தால் சுரம் அங்கேயே செத்துப்போகும். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை சொன்னால் குறைந்துபோகாது.

இரண்டாவது உன் ஆங்கிலக்காரர்கள். பீட்டில்ஸ் 1967இல் நண்பர்களின் துணையைப் பற்றிப் பாடினார்களே, ரிங்கோ பாடியது, அதை அடுத்த ஆண்டே ஜோ காக்கர் எடுத்தார். அவர் வேகத்தை மட்டும் குறைத்தார் என்று நீ எழுதியிருந்தாய். தப்பு. நாலு நாலாக எண்ணும் பாட்டை மூன்று மூன்றாக எண்ணும் நடைக்கு மாற்றிவிட்டார். நம் கணக்கில் சதுஸ்ரம் போய்த் திஸ்ரம். வேகத்தை மட்டும் குறைத்துப் பாடுகிறவர்கள் எல்லாரும் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெற்றிடம் பெருகிவிடும், பாட்டு தொய்ந்துவிடும். காக்கரிடம் நடை மாறியதால் அந்த வெற்றிடத்துக்கு ஆட்டம் வந்தது. மிச்சத்தை ஆர்கனும் பின்னணிப் பெண் குரல்களும் நிரப்பின. நீ ஒரு கிதாரோடு அதைச் செய்யாதே.

அல்லேலூயா பற்றி நமக்குள் சண்டை தீராது. லெனார்ட் கோஹன் 1984இல் பாடினார். 1991இல் ஜான் கேல் கேட்டபோது அவர் பதினைந்து பக்கம் வரிகள் அனுப்பினாராம். கேல் அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கிப் பியானோவோடு பாடினார். 1994இல் ஜெஃப் பக்லி பாடியது கேலின் பாட்டைக் கேட்டுத்தான். ஆக, உலகம் கொண்டாடுவது நகலின் நகல். நீ பக்லி கட்சி. நான் கேல். கெஞ்சாமல் பாடுகிறார், அழுகையைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார். பக்லியைப் பாட ஆசைப்படும் பிள்ளைகள் அவருடைய மூச்சையும் இழுப்பையும்தான் காப்பி அடிக்கிறார்கள். அது அவர் தொண்டைக்கு அமைந்தது. மூலத்தில் எது மெட்டு, எது பாடகரின் பழக்கம் என்று பிரித்து எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொள்.

விட்னி ஹூஸ்டன் பாடிய ஐ வில் ஆல்வேஸ் லவ் யூவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். டாலி பார்ட்டனின் 1974ஆம் ஆண்டுப் பாட்டு, 1992இல் விட்னி. வாத்தியமே இல்லாமல் தொடங்கி ஆறு கட்டையில் போய், ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு டிரம் அடி விழுந்ததும் ஏழுக்கு ஏறுவார். மேடையில் இதைத் தொடுகிறவர்கள் தொடக்கத்தைச் சுருதிப்பெட்டி இல்லாமல் பிடித்து அரைச்சுரம் மேலே போய்விடுவார்கள், பிறகு ஏழு அடுத்த ஒன்றுக்குப் போய்விடும், தொண்டை கிழியும். நீ அதற்கு ஏறுகிறவன் இல்லை. நீ இறங்கியிருக்கிறாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

யூடியூபில் போடுகிறாயே, அதையும் பார்த்துச் செய். இந்தியச் சட்டத்தில் 2012க்குப் பிறகு ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாமல், உரிமையாளர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் பாடிப் பதிவு செய்து வெளியிட முடியாது. ஆனதும் முன்னறிவிப்பு கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான உரிமைத்தொகை கட்ட வேண்டும், வரியில் கை வைக்கவும் கூடாது. இங்கே 2019இல் போட்ட புதுச் சட்டம் 2023இல் அமலுக்கு வரும்வரைக்கும் 1914ஆம் ஆண்டுச் சட்டம்தான், வெளியூர் மெட்டை எடுத்தால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நீ, அங்கே போய் மாட்டிக்கொள்ளாதே. உன் பெயரைத் திரையில் பார்த்தால் மேல்வீட்டு அக்கா எல்லாருக்கும் காட்டுகிறாள். நானும் பக்கத்தில் நிற்பேன், காட்டாததுபோல.

தொண்டைக்கு வெந்நீர் குடி என்று எழுதிவிட்டேனா? குடி.

தம்பி, இவ்வளவும் எழுதிவிட்டு அதை எழுதாமல் மடித்து அனுப்பினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

கடைசியாக நீ அனுப்பியதில் பெயர் இல்லை, ஆ என்று மட்டும் போட்டிருந்தாய். நம் வழக்கத்தில் அ மூலம், ஆ நகல். அ எங்கே என்று கேட்டு எழுதினேன். மூலத்தைக் கேட்காமல் தீர்ப்பு இல்லை என்றேன். கீழ்ச்சுரங்கள் விழுங்கிப்போகின்றன, இரண்டாவது சரணத்தில் மூச்சு உடைகிறது, அந்த இடத்தில் மூலத்தில் வாத்தியம் வைத்திருப்பார்கள், நீ சும்மா விட்டுவிட்டாய். எட்டுக் குறை. எண் போட்டு எழுதினேன்.

எனக்குத் தெரியும். முதல் தடவை கேட்டபோதே தெரியும். சைக்கிள் மணி கேட்காத வாசல் எந்தப் படத்துப் பாட்டில் வருகிறது? இந்த வீட்டில் ஏழு கட்டையில் முனகுகிறவர் ஒருத்தர்தான் இருந்தார், அதுவும் ஷேவ் பண்ணும்போது மட்டும். நீ எதற்காக இறங்கினாய் என்று தெரிந்துகொண்டே தொண்டைக்கு மருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூச்சு உடைந்தது என்று ஐந்தாவது குறையாக எழுதினேனே, அந்த இடத்தில் நானும் போனை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்துதான் எழுதினேன்.

அது உன் பாட்டு என்று ஒப்புக்கொண்டால் அந்த நாளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகல் என்று வைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதையோ. கடையைச் சாத்திவிட்டு அவர் படியேறி வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று நீ உன் பாட்டில் போடவில்லை. உனக்குக் கேட்டிருக்கும், அடுத்த அறையில்தான் இருந்தாய். அந்த ஒரு வரியை நீ விட்டுவைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு நான் எட்டுக் குறை சொன்னேன்.

அந்த எட்டையும் அழித்துவிடு. இனி நான் சொல்வதைக் கேள். ஒன்றரைக்கு ஏற்றாதே, ஏழிலேயே இருக்கட்டும். கீழ்ச்சுரம் அமுங்குவது உன் குரலால் இல்லை, கிதாரும் அதே இடத்தில் ஒலிப்பதால். நீ கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கவ்வியை, கேப்போவை, இரண்டில் போட்டு ஏ பிடிப்பில் வாசிக்கிறாய். அதை ஏழாவது கட்டத்துக்குக் கொண்டுபோய் ஈ பிடிப்பில் வாசி. சுருதி அதே ஏழு கட்டைதான், கிதார் மேலே போய்விடும், குரலுக்குக் கீழே இடம் கிடைக்கும். அவ்வளவு மேலே கேப்போ போட்டால் கம்பிகள் கொஞ்சம் ஏறி ஒலிக்கும், மூன்றாவது கம்பி கட்டாயம் ஏறும். போட்ட பிறகு மறுபடி சுருதி பார். போனை ஒரு சாண் தூரத்தில் வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் சாய்த்து வை, ப வரும் இடங்களில் காற்று அடிக்காது. பின்னால் கம்பளி தொங்கவிடு, அறை எதிரொலிக்கிறது. இரண்டாவது சரணத்தில் எதையும் நிரப்பாதே. அப்படியே விடு.

ஒரு குறை மட்டும் உண்மையானது. கடை என்று வரும் இடத்தில் குறிலை இழுத்துவிட்டாய், காடை ஆகிவிட்டது. காடை சாத்திய மாலை. அவர் இருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பார். கடைக்குப் பதில் கதவு என்று போட்டாலும் அதே கதைதான், அதுவும் குறில். சொல்லை மாற்றாதே, அந்தச் சுரத்தைச் சுருக்கி அடுத்த சுரத்தை நீட்டு.

போனில் அந்தக் கோப்பின் பெயரை அ என்று மாற்றச் சொல்லி மேல்வீட்டுப் பையனிடம் கொடுத்தேன், மாற்றிவிட்டான். ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டப் போயிருக்கிறது, புதன்கிழமை வரும். ஏழு எனக்கு எட்டாது, ஐந்துக்கு ஏற்றித்தான் பாட முடியும். நீ விட்ட வரியையும் சேர்த்துப் பாடுகிறேன், நான் சொன்னபடியே. கரண்ட் இருந்தால் பையன் பதிந்து அனுப்புவான். சத்தத்தைச் சமமாக்கிக்கொண்டு கேள்.

பம்பளிமாஸ் அனுப்ப ஆள் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறேன்.

அம்மா