சதவீதத்தோடு தலைக்கணக்கையும் பாருங்கள்

மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் மலையோர அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்டீர்கள். எழுதியவர்கள் 14 பேர், தவறியவர்கள் 2 பேர். தேர்ச்சி 85.71 சதவீதம். 200 பேர் எழுதும் பள்ளியில் இதே 2 பேர் தவறினால் 99 சதவீதம், அங்கே பாராட்டு. சிறிய பள்ளியைச் சதவீதத்தால் மட்டும் அளக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் பால்வெட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலை ஒட்டித்தான். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் அம்மாவும் அப்பாவும் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போகிறார்கள். மரம் மரமாக வெட்டி, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, உறை ஊற்றி வீடு திரும்ப நண்பகல் ஆகிவிடும். தம்பி தங்கையை எழுப்பிச் சோறு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பொறுப்பு. அடைமழையில் வெட்டு இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் மரம் இலை உதிர்க்கும்; புதுத் தளிர் முற்றும்வரை வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். பள்ளியில் திருப்புதல் தேர்வு நடப்பதும் அதே வாரங்களில்தான். பையன்கள் கட்டட வேலைக்குக் கையாளாகப் போவது அப்போதுதான். வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் புரட்டினால் இது தெரியும்.

காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து நடந்தும் பேருந்து பிடித்தும் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வந்து சேர்கிறார்கள். எட்டாம் வகுப்பில்தான் தமிழ் எழுத்தைப் பார்த்த பிள்ளை பத்தில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். வருபவரைத் திருப்பி அனுப்ப அரசுப் பள்ளிக்கு உரிமையில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1-ஆம் தேதித் தலைக்கணக்கை வைத்து நிர்ணயிக்கிறீர்கள். அதற்குப் பின் சேரும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை, தேர்ச்சிக் கணக்கில் மட்டும் உண்டு.

தவறிய இருவரும் தவறியது கணிதத்தில். ஆறு முதல் பத்துவரை ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே கணித ஆசிரியர். அவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிய ஆணை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது. விளக்கம் யார் தர வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் நூறு சதவீதம் வேண்டும் என்ற நெருக்கடி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பத் தூண்டும். அப்படி அனுப்பப்படும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் தவறியவராகத் தெரியமாட்டார். எங்கள் தலைமையாசிரியர் யாரையும் அனுப்பவில்லை. அதற்காகவா அவரை நிற்கவைத்தீர்கள்?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். தேர்ச்சி அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களைச் சேருங்கள்: எழுதியவர் எத்தனை பேர், அவர்களில் ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே படித்தவர் எத்தனை பேர், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார். புதிதாகத் திரட்ட வேண்டியதில்லை. எல்லாம் பள்ளிப் பதிவேடுகளில் இருப்பவை. சதவீதத்தை மட்டும் வைத்து எந்தச் சிறிய பள்ளியையும் அளக்காதீர்கள்.

தவறிய இருவரும் துணைத்தேர்வு எழுதப் போகிறார்கள். கணித ஆசிரியரை அதற்கு முன்பே திருப்பி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பெற்றோரும்
கன்னியாகுமரி மாவட்டம்