கொடிக்கால் தெரு ஒரே தெருதான்

அறிக்கை மென்பொருளைப் பராமரிக்கும் குழுவினருக்கும், அதில் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஒரே இடத்தின் வெவ்வேறு எழுத்து வடிவங்களை அறிக்கையில் ஒன்றாகச் சேர்க்கும் வசதி கேட்டு மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டு மனுக்களுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில்தான் வந்தது. ஐப்பசியில் நடந்ததைப் பார்த்த பிறகும் மனுவாகவே எழுதிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும் கொடிக்கால் தெருவில் ஒரே வாரத்தில் பதினொரு பேருக்குக் காய்ச்சல். பதினொரு பேரையும் பதிந்திருந்தோம், ஒருவர்கூட விடுபடவில்லை. ஆனால் வாராந்திர அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தத் தெருவைக் காணோம். ஐந்து பேரோ அதற்கு மேலோ காய்ச்சலில் இருக்கும் இடங்கள்தான் அந்தப் பக்கத்தில் வரும். எங்கள் தெருவோ ஐந்து இடங்களாகச் சிதறிக் கிடந்தது. ‘கொடிக்கால் தெரு’ நான்கு. ‘கொடிக்கால்தெரு’ மூன்று. ‘கொடிக்கா தெரு’ இரண்டு. ‘கொ. தெரு’ ஒன்று. அதன் கீழே மறுபடியும் ‘கொடிக்கால் தெரு’ ஒன்று.

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் என்ன வித்தியாசம் என்று அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தை ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தாள். அவளுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு புலத்தில், அதாவது இடப்பெயர் போன்ற ஒரு பதிவுக் கட்டத்தில், பதிந்திருக்கும் மதிப்புகளில் வேண்டியவற்றைத் தேர்ந்து, நாங்களே பெயரிட்ட ஒரு வகையின் கீழ் சேர்க்கும் வசதியை அறிக்கையில் தாருங்கள்.

பதியும்போதே சரியாகப் பதியுங்கள் என்பீர்கள். காலை ஒன்பது மணிக்கு, காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர் தம் ஊரை எப்படிச் சொல்கிறாரோ அப்படித்தான் பதிய முடிகிறது. கிராமக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள் என்றும் சொல்வீர்கள். அந்தக் குறியீடு வருவாய்க் கிராமத்துக்கு உரியது. சனங்கள் சொல்வதோ தெருவின் பெயரை, காலனியின் பெயரை. எங்கள் இடப்பெயர்ப் புலத்தில் இன்று 412 மதிப்புகள் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்தால் இருப்பவை 63 குடியிருப்புகள்.

எக்செல்லில், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டு, வரிகளைத் தேர்ந்து வலது சொடுக்கில் ‘குரூப்’ கொடுத்தால் நொடியில் முடிகிற வேலை இது. ஒவ்வொரு திங்களும் தரவை இறக்கி அப்படித்தான் செய்கிறேன். அடுத்த வாரம் புதிய கோப்பு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் மேலே ஆய்வுக் கூட்டத்தில் திரையில் காட்டுவது உங்கள் அறிக்கையைத்தான். என் தாள் என் மேசையோடு நின்றுவிடுகிறது.

இடப்பெயரோடு இது முடியவில்லை. ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பழைய பதிப்புகளில் டெங்குக் காய்ச்சல் ஏ90, ரத்தக்கசிவு டெங்கு ஏ91. அறிக்கையில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் கிடக்கின்றன. வயதைப் பத்துப் பத்தாகத்தான் பிரிக்கிறீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கட்டத்தில் வருகிறார்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் களத்தில் வேலை நடக்கிறது; அந்தப் பிரிவின்படி ஓர் அறிக்கைகூட எடுக்க முடியவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருப்போம். இத்தனை ஆண்டுகளில் உங்களில் ஒருவரும் எங்கள் பதிவு மேசைக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையில் மாற்றமில்லை. மதிப்புகளை எங்கள் வகைகளில் சேர்க்கும் வசதி வேண்டும். மூலத் தரவைத் தொட வேண்டாம். நோயாளி சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். ஒருமுறை அமைத்த வகை அடுத்த வாரமும் அப்படியே இருக்க வேண்டும். புதிதாக வரும் மதிப்பை ‘மற்றவை’யில் தள்ளி மறைக்காமல், ‘இன்னும் சேர்க்கப்படாதவை’ என்று தனியாகக் காட்டுங்கள். அடுத்த கொடிக்கால் தெரு அங்கேதான் வந்து நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்கத் தரவு வேண்டுமென்றால், 63 குடியிருப்புகளையும் அவற்றின் 412 எழுத்து வடிவங்களையும் சேர்த்து வைத்திருக்கும் என் தாளை நாளைக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தரவுப் பதிவாளர்