அடுப்பில் கேட்கும் சத்தம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன். அதற்குள் பேரன் சிணுங்க ஆரம்பித்துவிட்டான், நீயும் வைத்துவிட்டாய். மீதியை எழுதிவிடுகிறேன்.

ஆப்பிள் மசியல் சப்பென்று இருக்கிறது, ஒரு ஸ்பூன் சர்க்கரை போடட்டுமா என்றாய். வேண்டாம் அம்மாடி. இரண்டு வயது வரை தனியாகச் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது உனக்கே தெரியும். ஒரு வயது முடியும்வரை தேனும் கூடவே கூடாது. அதெல்லாம் இருக்கட்டும். பழம் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தேன் என்றாயே, அங்கேதான் எனக்குப் புரிந்தது. இனிப்பு எங்கேயும் போகவில்லை. நீ ஊற்றிய தண்ணீரில் கரைந்து கிடக்கிறது.

ஆப்பிளின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். ஒரு கிலோ பழத்துக்கு அரை டம்ளர் போதும். அதுவும் பழம் தன் நீரை விடும்வரை அடிப்பிடிக்காமல் இருக்கத்தான். தோலைச் சீவி, நடுத்தண்டையும் விதைகளையும் எடுத்துவிட்டு, ஒரே அளவாக நறுக்கு. நறுக்கும்போதே பழுப்பேறினால் பதறாதே, காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். வேண்டுமானால் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடு. எவர்சில்வர் பாத்திரம் நல்லது. வெறும் அலுமினியத்தில் புளிப்புள்ள பழத்தை வேகவைக்காதே. மூடி போட்டு, தீயைக் குறைத்து வைத்தால் 15, 20 நிமிடத்தில் கரண்டி பட்டதும் குழைந்துவிடும். அப்புறம் மத்தால் கடைந்தால் போதும். மிக்ஸியில் அடித்தால்தான் பேரன் சாப்பிடுவான் என்றால் ஆறவிட்டு அடி.

கடைந்த பிறகும் நீர் நின்றால் மூடியைத் திறந்து சில நிமிடம் வற்றவிடு. ஆனால் தள்ளி நில். கெட்டிப்பட்ட மசியல் குமிழி விட்டு வெடித்துத் தெறிக்கும். என் மணிக்கட்டில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். உனக்காக முதல்முறை செய்தபோது, கெட்டியாகிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன், பார்த்துவிட்டேன்!

எந்தப் பழம் என்பதுதான் மீதி விஷயம். காலா, ஃபியூஜி, கோல்டன் டெலிஷியஸ் வகை ஆப்பிள்கள் எல்லாம் தாமே இனிப்பானவை. பச்சை நிறத்தில் இருக்கும் கிரானி ஸ்மித் புளிக்கும்; மூன்று இனிப்புப் பழத்துக்கு அது ஒன்று சேர்ந்தால் பெரியவர்களுக்கு ருசி கூடும், குழந்தைக்கு வேண்டாம். கடித்தால் மாவு மாவாக இருக்கிறது என்று நீ ஒதுக்கும் பழத்தைத் தூக்கிப் போடாதே. மசியலுக்கு அதுதான் சீக்கிரம் கரையும். அழுகியது மட்டும் ஆகாது.

இன்னொன்று. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ருசி பார்த்துவிட்டு முகம் சுளிக்காதே. குளிர்ந்திருந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் பார். சர்க்கரை இல்லாததால் ஜாம் மாதிரி இது மாதக்கணக்கில் தாங்காது. பேரனுக்கு இரண்டு மூன்று நாளுக்கு உள்ளது போக, மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடு. வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். நீயும் மாப்பிள்ளையும் சாப்பிடுவதில் ஒரு சிட்டிகை லவங்கப்பட்டைத் தூள் போட்டுப் பாருங்கள், சர்க்கரை நினைப்பே வராது.

அடுத்த முறை அடுப்பில் ஏற்றியதும் எனக்குப் போன் போட்டு, பக்கத்தில் வைத்துவிடு. தண்ணீர் அதிகமாக இருந்தால் சளசளவென்று கேட்கும். பதம் வந்தால் பொளக், பொளக் என்று நிதானமாகக் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் இறக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா