மாப்ளைக்கு, உன் பையன் விஷயமா

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் கிடைச்சுது. மூத்தவ கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுல இங்க எல்லாருக்கும் சந்தோஷம், வர முடியலேன்னு இவளுக்குத்தான் இன்னும் மனசு ஆறல. நீ கடைசில நாலு வரி எழுதியிருந்தியே, அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்கிற சின்னவனை ஒரு ஹோம்ல சேர்த்துடலாமா, அவனுக்கு நாமதான் சட்டப்படி பொறுப்புன்னு கார்டியன் சர்டிஃபிகேட் வாங்கிட்டா எல்லாம் நம்ம கைக்கு வந்துருமான்னு, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

உன் பையன் மாதிரியே குறைபாடு இருக்கிற எங்க தம்பி இப்ப எங்க வீட்ல இல்ல, தெரியுமா. ஆத்தா போனதுக்கப்பறம் கொஞ்ச நாள் எங்களோட இருந்தான், அப்பறம் அவனே கேட்டான், தனியா இருக்கணும்னு. ரெண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீடு, கூட வேலை பாக்குற ஒருத்தரும் அவனும் சேர்ந்து இருக்காங்க. காலைல ஒரு பலகாரக் கம்பெனிக்கு போறான், தேன்குழலும் மாவுருண்டையும் பாக்கெட் போடுறது. தராசுல நம்பர் படிக்க வராது அவனுக்கு, அதனால 250ன்னு பெருசா ஒரு பேப்பர்ல எழுதி தராசு டிஸ்ப்ளேக்கு மேல ஒட்டி வச்சிருக்காங்க, மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒண்ணா இருந்தா சீல் வைக்கணும், அவ்வளவுதான். வீட்ல கேஸ் கிடையாது, இண்டக்‌ஷன் அடுப்பு, அதுல அழுத்த வேண்டிய பட்டன்ல மட்டும் சிவப்பு ஸ்டிக்கர். சாயங்காலம் இவ ஒரு எட்டு போய் பாத்துட்டு வருவா. தனியா இருக்கிறதுன்னா எல்லாத்தையும் தானே செய்யறதுன்னு ஊர்ல நினைக்கிறாங்க, அப்படிப் பாத்தா நீயும் நானும்கூட தனியா இருக்கல மாப்ள, சோத்துக்கு ஒருத்தர் துணிக்கு ஒருத்தர்னுதான ஓடுது. எங்க இருக்கிறது, யாரோட இருக்கிறதுன்னு அவன் சொல்லணும், அதுக்கு வேண்டிய ஒத்தாசைய நாம பண்ணணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கைல 19வது பிரிவு இதைத்தான் சொல்லுது, இந்தியா 2007லயே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்ட சமாச்சாரம் அது.

இப்ப கார்டியன் விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி குறைபாடு இருக்கிறவங்களுக்காக வந்த 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமைல லோக்கல் லெவல் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, 18 வயசு ஆனவங்களுக்கு கார்டியன் போடுறது அவங்கதான், அந்தக் கமிட்டில மாற்றுத்திறனாளி ஒருத்தரும் உட்காரணும். அதுக்கப்பறம் வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை நல்லா மாத்திருச்சு. 13வது பிரிவுல அவங்களுக்கும் எல்லாரையும் போல சட்டப்படி உரிமை உண்டுன்னு வச்சுட்டு, 14ல கார்டியன்னா ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்கறது, இன்ன விஷயத்துக்கு இன்ன காலத்துக்குன்னு அளவோட, அவன் விருப்பப்படிதான் நடக்கணும்னு போட்டிருக்கு. வேற சட்டத்துல வாங்குன பழைய சர்டிஃபிகேட்டும் இனி அந்த அளவுக்குத்தான் செல்லும். அதனால எல்லாம் நம்ம கைக்கு வந்துரும்னு நினைச்சு வாங்காத. இங்க ஒரு பேங்க்ல தம்பிக்கு அக்கவுண்ட் தொடங்கப் போனப்ப கார்டியன் இல்லாம முடியவே முடியாதுன்னு திருப்பி அனுப்பிச்சாங்க, சட்டத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு மறுபடி போய் நின்னோம், அப்பறம்தான் வழிக்கு வந்தாங்க. அயர்லாந்துல கார்டியன் முறைக்குப் பதிலா கூட இருந்து முடிவெடுக்க உதவறதுக்குன்னே 2015ல சட்டம் போட்டு 2023 ஏப்ரல்லதான் அமலுக்குக் கொண்டு வந்தாங்க, பெருவுல 2018லயே மாத்திட்டாங்க. நம்ம சட்டமும் பாதி தூரம் வந்திருக்கு, அதைப் படிச்சுப் பாத்து நடக்கத்தான் ஆளு இல்ல.

ரொம்ப நாளா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தது இன்னொண்ணு. போன வருஷம் ஒரு காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்குன்னு கேள்வித்தாளோட வந்துச்சு. தம்பி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான், கேள்வியெல்லாம் என்கிட்ட. இவரு தானா குளிப்பாரா, கோவம் வருமா, ராத்திரி தூங்குவாரான்னு. பாதில எழுந்திரிச்சு திண்ணைக்குப் போய்ட்டான். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அதுக்கு சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது. வெளிநாட்டுல இதை மாத்தி ரொம்ப காலமாச்சு, அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல 1974லயே தம்பி மாதிரி இருக்கிறவங்களே கூட்டம் போட்டு பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஆராய்ச்சியும் அப்படித்தான் இருக்கணும்னு ஜான் வாம்ஸ்லி, கெல்லி ஜான்சன்னு ரெண்டு அம்மாங்க 2003ல புத்தகமே போட்டாங்க. கேள்வி அவங்களுக்கு வேண்டிய கேள்வியா இருக்கணும், வேலைல அவங்களுக்குப் பங்கு வேணும், முடிவை அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும், இதுதான் அதுல முக்கியம்.

சரி நாமளும் பாப்போம்னு இங்க நாலஞ்சு குடும்பம் சேர்ந்து சனிக்கிழமை ஒரு பங்காளி வீட்டு முன்கூடத்துல, அதான் பட்டாலைல, தம்பி மாதிரி இருக்கிறவங்களை உட்கார வச்சோம். வீட்டுப் பெரியவங்க எல்லாம் உள்பக்கம் வளவுக்குள்ள போயிடணும், கூப்பிட்டாத்தான் வரணும். ஒருத்தருக்கொருத்தர் இவங்களே கேள்வி கேட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுவாங்க, பேச்சு வராத பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுக்கு படம் போட்ட அட்டை, கையை வச்சுக் காட்டும். என்ன கேக்கலாம்னு முதல் நாள் பேசறப்ப தம்பி கேட்டான் பாரு, “உன் வீட்டு சாவி யார்ட்ட இருக்கு?” எந்த கேள்வித்தாள்லயும் இது வராது மாப்ள. சுத்தி கேட்டதுல தம்பியைத் தவிர ஒருத்தர்ட்டயும் சாவி இல்ல. அம்மா இடுப்புல, அண்ணன் பைல, இல்ல அண்ணிகிட்ட. அப்பறம் ஒரு பொண்ணு கேட்டுச்சு, உன் ரூமுக்கு கதவைத் தட்டிட்டு வர்றாங்களா, சும்மா வர்றாங்களான்னு. இன்னொருத்தன், மாசம் வர்ற 2000 ரூபா உதவித்தொகை எங்க போகுதுன்னு. பதிலையெல்லாம் சார்ட்ல படமா வரைஞ்சு இவங்களே வீட்டாளுங்களைக் கூப்பிட்டு காமிச்சாங்க, ஒரு அம்மா ஒண்ணும் பேசல, அடுத்த வாரம் கடைத்தெருவுக்கு, கல்லுக்கட்டி பக்கம் போய் பையனுக்கு ஒரு சாவி வெட்டிக் குடுத்துட்டாங்க.

பயம் எனக்கும் இருக்கு. மழை வந்தா, ஃபோன் எடுக்கலேன்னா, திக்குனு ஆயிடும். நமக்கப்பறம் இவனுக்கு யாருன்னு நீ கேட்டதுக்கு முழுசா பதில் என்கிட்ட இல்ல. ஆனா ஹோம்ல சேத்துட்டா அந்தக் கேள்வி தீர்ந்துடாது, நம்ம கண்ணுலேர்ந்து மறைஞ்சுடும், அவ்வளவுதான். இங்க டீக்கடைக்காரர்லேர்ந்து பலகாரக் கம்பெனி ஆச்சி வரைக்கும் தம்பியைத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, ஒரு நாள் வேலைக்குப் போகலேன்னா எனக்கு முன்னாடி ஆச்சிதான் ஃபோன் பண்ணுவாங்க. உன் பையனை உங்க தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும்னு யோசிச்சுப் பாரு, அங்கேர்ந்து ஆரம்பி. முதல்ல ஒரு வேலை, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்.

பொங்கல் லீவுல குடும்பத்தோட வா. சனிக்கிழமை பாத்து வந்தா உன் பையனும் பட்டாலைல உட்காரலாம், அவனுக்கு இஷ்டம்னா. வர்றப்ப அவனோட யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார் ரெண்டுக்கும் காப்பி எடுத்துட்டு வா, நேஷனல் டிரஸ்ட்டோட நிரமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு தருவாங்க, நீ இன்னும் போடலேன்னு நினைக்கிறேன், இங்கயே உட்கார்ந்து போட்டுடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்
காரைக்குடி