பழைய கார் வந்துச்சு சந்தோஷம், கணக்கு எப்ப வரும்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் உச்சிப்புளி பக்கம், கார் மெக்கானிக்கா நாப்பது வருஷம் ஓட்டியாச்சு, இப்ப கண்ணு சரியில்ல, பட்டறைய பையன் பாத்துக்குறான், நான் ஸ்டூலப் போட்டு வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டிய எண்ணிக்கிட்டு இருப்பேன். போன மே மாசம் உங்க பேப்பர்ல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, தனுஷ்கோடி அரிச்சல்முனையில அசோகத்தூண் முன்னாடி பழைய கார் 12 வரிசையா நிக்கும், கீழ புற்றுநோய் குழந்தைகளுக்கு நிதி திரட்ட சென்னையில இருந்து வந்தாங்கன்னு ரெண்டு வரி. அதுல கடைசில பாதி மட்டும் தெரியுதே ஒரு வெள்ளை பத்மினி கார், அது அன்னிக்கு அரிச்சல்முனை போய்ச் சேந்ததே எங்க வீட்டு கிழிஞ்ச வேட்டியாலதான். அந்த உரிமையில எழுதுறேன்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும், வெயில்னா வெயிலு, ரோடு தண்ணி மாதிரி மினுங்குது. பத்மினி எங்க பட்டறையத் தாண்டி நூறடி போயி ரெண்டு இருமு இருமிட்டு நின்னுருச்சு. ஓட்டிட்டு வந்த பையனுக்கு முப்பது வயசுகூட இருக்காது, செல்ஃப் அடிக்கிறான் அடிக்கிறான், பேட்டரி காலியாகுற வரைக்கும் விடமாட்டான் போல இருந்துச்சு. "தம்பி, சாவிய எடு மொதல்ல"ன்னு சத்தம் போட்டுட்டு போயி பானட்ட தூக்கிப் பாத்தா, நெனச்சது சரிதான், வேப்பர் லாக். அந்த இஞ்சின்ல பெட்ரோல் பம்ப் இஞ்சின ஒட்டியே இருக்கும், சூடு ஏறுச்சுன்னா பம்புக்குள்ளயும் பைப்புலயும் பெட்ரோல் ஆவியாயி குமிழு கட்டிக்கும், கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு போகாது. இதுக்கு ஸ்பேரும் வேணாம் ஒண்ணும் வேணாம், வேட்டியக் கிழிச்சு நனைச்சு பம்ப் மேல சுத்திவிட்டு இருபது நிமிஷம் சும்மா இருந்தா போதும். அந்தக் காலத்துல ராமேஸ்வரம் டிரிப் அடிச்ச அம்பாசடர் டிரைவருங்க எல்லாரும் சித்திரை வைகாசியில டாஷ்போர்டுல ஒரு ஈரத்துணி வச்சிருப்பாங்க, 1988ல ரோட்டுப் பாலம் தொறக்குறதுக்கு முன்னாடினா மண்டபத்துலயே கார விட்டுட்டு சவாரிய ரயில் ஏத்தி விடுவாங்க, அது வேற கத.

அந்த இருபது நிமிஷத்துலதான் பேச்சு வந்துச்சு. நல்ல பையன், குத்தம் சொல்ல மாட்டேன், "அங்கிள் எவ்வளவு தரணும்"னு பர்ஸ எடுத்தான், நான் வாங்கல, நல்ல காரியத்துக்குப் போறீக, அத உங்க உண்டியல்ல போடுன்னேன். பின் சீட்டுல இருந்த பிளாஸ்டிக் டப்பாவ எடுத்து 300 ரூபா போட்டான். பூட்டு இல்ல, சீல் இல்ல, ரசீது புக்கும் இல்ல. சும்மா கேக்குற மாதிரிதான் கேட்டேன், இதுவரைக்கும் எவ்வளவு தம்பி சேந்திருக்குன்னு. "இன்னும் எண்ணல அங்கிள், பெட்ரோல், ரூம், டி-ஷர்ட், பேனர் எல்லாம் கழிச்சிட்டு மீதிய ஆஸ்பத்திரிக்கு குடுத்துருவோம்"னான்.

கழிச்சிட்டு மீதி. அந்த வார்த்த எனக்குத் தொண்டையிலயே நிக்குது. மெக்கானிக் புத்தி, உடனே கணக்கு போட்டுருச்சு. சென்னையில இருந்து கிழக்குக் கடற்கரை ரோட்டுல இங்க வர ஐநூத்தி சொச்சம் கிலோமீட்டர், போக வர ஆயிரத்து நூறு. பழைய வண்டி, லிட்டருக்கு பத்துன்னு வைங்க, லிட்டர் நூறு ரூபான்னு வைங்க, ஒரு காருக்கு 11,000, 12 காருக்கு பெட்ரோல் மட்டும் 1,32,000 ரூபா. இதுல ஏசி ரூம், சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே கலர் பனியன், முன்னாடி போற வீடியோ வண்டி. அப்ப உண்டியல்ல மொதல் ரெண்டு மூணு லட்சம் விழுறது குழந்தைங்களுக்கா, இல்ல இவங்க ஊர் சுத்துறதுக்கான்னு ஒருத்தன் கேட்டா அவன் வயித்தெரிச்சல் புடிச்சவன்னு சொல்லுவீங்களா?

இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு சாயங்காலம் பாம்பன்ல ரோட்டோரமா நிப்பாட்டி டப்பாவ ஆட்டிருக்காங்க. மே மாசம், மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கட்டிக்கெடக்கும், கூலிக்குப் போறவனுக்கு அந்த ரெண்டு மாசம் வலை பின்னுறதும் கடன் வாங்குறதும்தான் வேல. அந்த ஆளுங்ககிட்ட போயி ஆட்டுனா என்ன விழும்? விழுந்துச்சு அய்யா, அதான் ஆச்சரியம். எங்க மச்சினி பாம்பன்லதான் இருக்கா, அவ சொன்னா, கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க மடியில முடிஞ்சு வச்சிருந்தத அவுத்து பத்தும் இருபதுமா போட்டாளுகளாம், குழந்தைக்கு கேன்சருன்னு சொன்னதும் ஒருத்தி அழுதுட்டாளாம். பெரிய கம்பெனி செக்கு குடுத்தா வருமான வரிச்சலுகைக்கு ரசீது வரும், ரொக்கமா 2000க்கு மேல குடுத்தா அந்த வரிச்சலுகை கிடையாது, அவ்வளவு வெவரமா சட்டம் இருக்கு. அந்தப் பாசிக்காரி போட்ட பத்து ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

நம்மளுக்கு கணக்கு எழுதத் தெரியாதா என்ன. காதுகுத்துக்கு பந்தல் வாசல்ல பெஞ்சு போட்டு ஒருத்தர் எண்ண, ஒருத்தர் மொய் நோட்டுல எழுத, அம்பது ரூபா வச்சவன் பேரும் ஊரும் இன்னிக்கும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. முளைப்பாரி முடிஞ்ச மறு வாரமே தலைக்கட்டு வரி எவ்வளவு வந்துச்சு, மேளத்துக்கு எவ்வளவு, சீரியல் செட்டுக்கு எவ்வளவுன்னு வரவு செலவு நோட்டீஸ் டீக்கடை செவுத்துல ஒட்டியாகணும், இல்லன்னா அடுத்த வருஷம் கமிட்டியில நிக்க முடியாது. இந்தக் கார்க்காரங்க படிச்சவங்க, கணக்க ஃபோன்லயே போட்டுவிடலாம்.

வெளிநாட்டுலயும் இப்படித்தான் செய்யறாங்கன்னு என் பையன் ஃபோன்ல பாத்துச் சொன்னான். இங்கிலாந்துல இருந்து மங்கோலியா வரைக்கும் சின்ன இஞ்சின் கார ஓட்டிட்டுப் போறதுக்கு மங்கோல் ராலின்னு ஒண்ணு 2004ல ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு டீமும் குறைஞ்சது 1000 பவுண்டு தர்மத்துக்குன்னு திரட்டணும்னு வச்சிருந்தாங்க, காரு பெட்ரோலு விசா எல்லாம் ஓட்டுறவங்க கைக்காசு. இன்னும் சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு தெரிஞ்சவங்ககிட்ட மொதல்லயே வாக்கு வாங்கிக்குறாங்களாம், வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சோ அவ்வளவு காசு. இது எனக்குப் புடிச்சிருக்கு, ஏன்னா வண்டி நின்னா பணமும் நிக்கும், ஒழுங்கா ஸ்பேனரப் புடிக்கக் கத்துக்குவான்.

கார் ஓட்டி வர்றது வேணாம்னு நான் சொல்லல. பழைய காரப் பாத்தா கூட்டம் கூடும், கூட்டம் கூடுனா காசு விழும், எனக்கே அந்த வரிசையில வந்த பழைய ஹெரால்டு காரோட சத்தம் கேட்டதும் எந்திரிச்சு நிக்கணும் போல இருந்துச்சு. ஆனா ஓட்டுற ஆசை உங்களுது, அதுக்கு செலவும் உங்களுது, டப்பாவுல விழுந்தது அப்படியே போகணும். அந்தப் பணம் போற எடத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். ராமநாதபுரத்துல 2022ல மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு, இருந்தாலும் பெரிய வியாதின்னா ராமேஸ்வரத்துல இருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் போயாகணும். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீடு கை குடுக்குது, கூட இருக்குற ஆத்தாவுக்கு பஸ்ஸு காசும் இட்லி காசும் யாரு குடுப்பா? எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரா வாரம் போனாங்க, நாலாவது மாசம் ஆத்தா காதுல தோடு இல்ல.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் அய்யா. கொடி அசைக்கிற போட்டோ போடுறீங்க, கடல் முன்னாடி நிக்குற போட்டோ போடுறீங்க. அஞ்சு மாசம் ஆச்சு, எவ்வளவு வந்துச்சு எங்க போச்சுன்னு அதே பக்கத்துல அதே ரெண்டு வரி போடுங்க. அவங்க கணக்கு தரலன்னா தரலன்னு போடுங்க. அடுத்த தடவ கார் கூட்டம் வருதுன்னு நியூஸ் வந்தா, பெட்ரோல் யாரு காசுன்னு உங்க நிருபர் ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் கேமராவ எடுக்கட்டும்.

மத்தபடி வர்றவங்க தை மாசியில வாங்க, வண்டிக்கும் நல்லது, எங்க ஆளுங்க கையிலயும் நாலு காசு இருக்கும். அரிச்சல்முனையில இருந்து திரும்புனதும் அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவணும், உப்பு ஒரு வருஷத்துல தகரத்தத் தின்னுரும், ஆனா அந்தத் தண்ணிய ஊர்க்குழாயில புடிக்காதீங்க, இங்க குடத்துக்கு காசு குடுக்குறவங்க இருக்காங்க.

அந்த பத்மினி தம்பி இதப் படிச்சா பம்ப் டயாஃபிராமையும் ரப்பர் ஹோஸையும் மாத்திடச் சொல்லுங்க, இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. வேட்டித்துணியத் திருப்பித் தர வேணாம், அந்த 300 ரூபாய்க்கு மட்டும் ஒரு ரசீது அனுப்பச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.