எல்.எஸ்.யூ. 2019: பதினைந்துக்குப் பதினைந்து

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. 2019-ல் அமெரிக்கக் கால்பந்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி (எல்.எஸ்.யூ.) 15 ஆட்டத்தையும் ஜெயித்தது ஜோ பரோ ஒருத்தராலா என்று கேட்டிருந்தாய். பாதி சரி. 2018-லும் அதே பரோதான் அங்கே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அந்த வருஷம் அவர் டச் டவுன் பாஸ் (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி தரும் எறிதல்) 16. மறு வருஷம் 60. எறிந்ததில் கைசேர்ந்தது 57.8 சதவீதத்திலிருந்து 76.3-க்கு ஏறியது. நடுவில் மாறியது ஆட்டமுறை.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து பயிற்சியாளர் ஜோ பிரேடியைக் கூட்டி வந்தார்கள். அவரும் தாக்குதல் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் செய்தது இதுதான்: குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் தடுக்கும் 5 லைன்மேன் போதும், மற்ற 5 பேரும் பந்து வாங்க ஓடட்டும். எதிரணி தன் 11 பேரில் ஆளுக்கு ஆள் 5 பேரை நிறுத்தி, பின்னால் 2 சேஃப்டி (கடைசிக் காவலர்) வைத்தால், குவார்ட்டர்பேக் மேல் பாய வருவது 4 பேர்தான். 5 லைன்மேன் தாங்குவார்கள். பேராசைப்பட்டு 6 பேரை ஏவினால் ஒருத்தன் தடையில்லாமல் வருவான், ஆனால் பின்னால் காவலே இராது. ஆஸ்டினில் டெக்சாஸ் அணி அப்படி நெருக்கியபோதுதான், 17 யார்டு தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில், எல்.எஸ்.யூ.வின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 61 யார்டு டச் டவுன் அடித்தார்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம், ரன்னிங் பேக் (வழக்கமாகப் பந்தோடு ஓடுபவர்) கிளைட் எட்வர்ட்ஸ்-எலேரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. அவர் பின்னாலேயே எதிரணியின் நடுக்காவலரான லைன்பேக்கர் போனால் ஆளுக்கு ஆள் காவல். ஓரக் காவலரான கார்னர்பேக் இடம் மாறாமல் நின்றால் பெரும்பாலும் ஸோன், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறை. பந்தைத் தொடுமுன்பே பாதி விடை தெரிந்துவிடும். எலேர் அந்த சீசனில் 55 பாஸ் பிடித்தார்.

மாற்று மருந்தைக் கண்டது ஆபர்ன் அணி. 3 பேரை மட்டும் அனுப்பி, 8 பேரைப் பின்னால் இறக்கியது. 5 பேர் ஓட 8 பேர் காத்தால் இடைவெளி எங்கே? பரோ பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அப்போது செய்ய வேண்டியது, முன்வரிசையில் ஆள் குறைந்த இடத்தில் ஓடுவது. எலேர் 136 யார்டு ஓடினார். எல்.எஸ்.யூ. ஜெயித்தது 23-20; சீசனிலேயே மிக நெருக்கமான ஆட்டம்.

எல்.எஸ்.யூ.வின் தற்காப்பைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள். அலபாமாவை 46-41 என்று ஜெயித்த மறுவாரமே ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணிக்கு 37 புள்ளி கொடுத்தார்கள். அந்த அணியின் குவார்ட்டர்பேக் பிளம்லீ பந்தை வைத்துக்கொண்டு ஓடியே 212 யார்டு சேர்த்தார். ஆனால் அதன்பின் வந்த 5 ஆட்டத்தில் யாரும் 28-ஐத் தாண்டவில்லை. ஜார்ஜியாவுக்கு வெறும் 10.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஆட்டம். தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த கிளெம்சன் 17-7 என்று முந்தியது. எல்.எஸ்.யூ.வின் ஜமார் சேஸை ஒற்றைக் காவலில் விட்டதுதான் அவர்களுக்கு வினை. 9 பிடி, 221 யார்டு. எல்.எஸ்.யூ. ஜெயித்தது 42-25.

ஓக்லஹோமாவை 63-28 என்று நொறுக்கிய ஆட்டத்தை முதலில் பார்க்காதே. அதில் எல்லாமே பலித்தது. ஆபர்ன் ஆட்டத்தைப் போடு, ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் பாய்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்