நடுவில் விட்டுப்போன 28 வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு மலரில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கோன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி நம் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் வருவது சின்ன விஷயமில்லை. நன்றி. ஆனால் கட்டுரையாளர் 1993-இல் ஆரம்பித்து அடுத்த பத்தியிலேயே 2021-க்குத் தாவிவிட்டார். நடுவில் போன 28 வருடம்தானே கோன் என்ற அந்த மனிதர் செய்த வேலை?

நான் தோட்ட டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1993-இல் கோன் குழுவினர் மூன்று பச்சைக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து மூல செல்களைப் பிரித்து, ஏடிஏ என்ற நொதிக்கான நல்ல மரபணுவை அவற்றில் ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். அந்த நொதி இல்லாவிட்டால் உடம்பில் தேங்கும் கழிவே வெள்ளை அணுக்களை அழித்துவிடும். மரபணு உள்ளே போனது, சரி. தங்கியது மிகச் சில அணுக்களில்தான். அந்த நொதியை வெளியிலிருந்து கொடுக்கும் ஊசியை நிறுத்த முடியவில்லை. புதிய செல்கள் போய்த் தங்க வேண்டிய எலும்பு மஜ்ஜையில் பழைய செல்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

தோட்டத்துக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் மண்டோர் (கங்காணி) ஒருமுறை வீணாகப் போகிறதே என்று மிச்சமிருந்த ஒட்டுக்கன்றுகளைக் கிழட்டு ரப்பர் மரங்களின் நிரைக்கு நடுவில் வைத்தார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. வெளிச்சத்தைத் தேடி வளைந்து நின்றன. கன்றில் பழுதில்லை, இடம்தான் இல்லை. இத்தாலியில் மிலான் நகர மருத்துவர்கள், குறைந்த அளவில் ஒரு மருந்து கொடுத்து மஜ்ஜையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டுச் செல்களைச் செலுத்தி, 2002-இல் பலன் காட்டினார்கள். கோனும் அந்த வழிக்கு வந்தார்.

அப்புறம் பாரிஸ். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நோய்க்கு அங்கே சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 4 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. மரபணுவைச் சுமந்துபோன வைரஸ், புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் வாகனத்தையே மாற்ற வேண்டி வந்தது. புதியது, எய்ட்ஸ் கிருமியின் பல்லைப் பிடுங்கிச் செய்த வாகனம்! அதைக் கொண்டுதான் 2021-இல் வெளியான முடிவு: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏடிஏ குறையுள்ள 50 குழந்தைகள், எல்லாரும் உயிரோடு, 48 பேருக்குப் பலித்தது, யாருக்கும் ரத்தப் புற்றுநோய் இல்லை. (வைரஸைக் குழந்தையின் உடம்பில் ஊசியாகப் போடுவதாகக் கட்டுரையில் இருந்தது தவறு. செல்லை வெளியே எடுத்து, வெளியிலேயே மரபணுவை ஏற்றுகிறார்கள்.)

இவ்வளவு ஏன் எழுதுகிறேன் என்றால், 80-களில் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு தம்பதி இருந்தார்கள். மாமன் மகள், அத்தை மகன். இரண்டு பிள்ளைகள் ஆறு மாதம் தாண்டவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு வாயெல்லாம் அக்கரம். நான்தான் ஜென்ஷன் வயலட் தடவினேன், நீல உதட்டோடு அது என்னைப் பார்த்துச் சிரித்தது. பதிவேட்டில் சளிக்காய்ச்சல் என்று எழுதினேன். குழாயடியில் அந்தப் பெண்ணைப் 'பிள்ளை தங்காத வயிறு' என்றார்கள். அது இந்த நோய்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஏடிஏ குறை தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. இருவரிடமும் ஒளிந்திருந்தால்தான் வரும், ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளை எப்படிப் போனது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மலரில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். காசநோய் வராமலிருக்கப் பிறந்ததும் கையில் போடும் பிசிஜி ஊசியில் இருப்பது, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. மற்ற பிள்ளைகளுக்கு அது காவல், கட்டாயம் போட வேண்டும். இந்தக் குறையோடு பிறந்த பிள்ளைக்கு அதுவே ஆபத்து. எனவே குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை இப்படித் தொற்றுநோயில் இறந்திருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே மிஸ்ஸியிடமோ (தாதியிடமோ) டாக்டரிடமோ சொல்லிவிட வேண்டும். பாட்டிமார் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்